ட்வின்னிங் சங்கத்தை உயிரோட வெச்சிருக்கறது எப்படி? அடிக்கடி கேக்கற கேள்விகள்

வேற வேற நாட்டுல இருக்கற ரெண்டு ஊர் "இனிமே நாம உறவு"ன்னு ஒப்பந்தம் போட்டுக்கறாங்க, அந்த உறவை நடத்தறதுக்கு ரெண்டு பக்கமும் ஊர்க்காரங்களே சேர்ந்து ஒரு சங்கம் வெச்சுக்கறாங்க, அதுதான் ட்வின்னிங் சங்கம். அப்படி ஒரு சங்கத்துல நான் ரொம்ப வருஷமா செயலாளர் வேலை பாக்கறேன். புதுசா சேர்றவங்களும் சரி, "எங்க சங்கம் படுத்துடுச்சு, என்ன பண்றது"ன்னு கேக்கற வேற ஊர்ச் சங்கத்து ஆளுங்களும் சரி, திரும்பத் திரும்ப ஒரே கேள்விங்கதான் கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்றதுக்கு பதிலா மொத்தமா இங்க எழுதிட்டேன்.

ட்வின்னிங், சிஸ்டர் சிட்டி, பார்ட்னர் சிட்டி, எல்லாம் ஒண்ணுதானா?

ஒண்ணுதான், நாட்டுக்கு நாடு பேர் மாறுது. இங்கிலாந்துல ட்வின் டவுன், அமெரிக்காவுல சிஸ்டர் சிட்டி, ஜெர்மன்காரங்க பார்ட்னர்னு சொல்லுவாங்க, பிரெஞ்சுல ஜுமலாஜ், அதாவது இரட்டைப் பிள்ளையாக்கறது. ரஷ்யாவுல சொல்ற வார்த்தைக்கு கூடப் பிறக்காமலே சகோதரனா ஆனவன்னு அர்த்தம், எனக்கு அதுதான் ரொம்ப பிடிக்கும், ஏன்னா நடக்கறதும் அதுதான். தமிழ்ல இரட்டை நகரம், சகோதர நகரம்னு ரெண்டும் எழுதறாங்க.

இது எப்போ, எதுக்கு ஆரம்பிச்சது?

ரொம்ப பழசுன்னு பாத்தா பிரான்ஸ்ல இருக்கற ல மான், ஜெர்மனியில இருக்கற பாடர்போர்ன், இந்த ரெண்டு ஊரைத்தான் சொல்லுவாங்க. 836ல லிபோரியுஸ்ங்கற புனிதரோட எலும்புகளை ல மான்ல இருந்து பாடர்போர்னுக்கு எடுத்துட்டு போனாங்க, அப்போ ரெண்டு ஊர் கிறிஸ்தவ சபையும் சகோதரத்துவம்னு சொல்லிக்கிட்டது இன்னைக்கு வரைக்கும் தொடருது, ஆனா நகராட்சி அளவுல முறைப்படி ஒப்பந்தம் ஆனது 1967லதான். அமெரிக்காவுல ஓஹையோ மாநிலத்து டொலீடோவும் ஸ்பெயின்ல இருக்கற டொலேடோவும் 1931லயே கைகோத்துட்டாங்க.

ஆனா இப்போ நாம பாக்கற ட்வின்னிங்குக்கு வேர் ரெண்டாம் உலகப்போர்லதான் இருக்கு. 1940 நவம்பர் 14 ராத்திரி ஜெர்மன்காரங்க குண்டு போட்டு இங்கிலாந்தோட கோவென்ட்ரி நகரத்தையே எரிச்சாங்க, ரெண்டு வருஷத்துல ரஷ்யாவோட ஸ்டாலின்கிராடுக்கு, இப்போ அதுக்கு வோல்கோகிராட்னு பேர், அதைவிட மோசமா ஆச்சு. அப்போ கோவென்ட்ரி பொம்பளைங்க ஒரு மேஜை விரிப்பு எடுத்து அதுல தங்களோட பேரை நூலால தைச்சு அனுப்பினாங்க, 830 பேர், நடுவுல "பெரிய அனுதாபத்தை விட சின்ன உதவி மேல்"னு ஒரு வரி. அந்த விரிப்பு இன்னும் வோல்கோகிராட் மியூசியத்துல இருக்கு. 1944ல அந்த ரெண்டு ஊரும் ட்வின் ஆச்சு. அதுல கூட்டாளி நாடுங்க ரெண்டும் ஒரே பக்கம், சரி, ஆனா எதிரி நாட்டோட எப்படி?

அங்கதான் எனக்கு எப்பவும் மனசு நிக்கும். 1947ல இங்கிலாந்துல ரெடிங் ஊரோட மேயரா இருந்த ஃபீபி கஸ்டன்ங்கற அம்மா ஜெர்மனியோட டுஸ்ஸல்டார்ஃப் போய் அங்க இடிபாட்டுல பட்டினி கிடந்த ஜனங்களை பாத்துட்டு ஆறு குழந்தைங்களை ரெடிங்ல வீடுகள்ல தங்க வெக்க கூப்பிட்டாங்க. போர் முடிஞ்சு ரெண்டு வருஷம்தான் ஆச்சு, குண்டு விழுந்த நெனப்பு யாருக்கும் போகல, அப்பவும் கதவைத் தொறந்தாங்க. 1950ல ஜெர்மனியோட லுட்விக்ஸ்பர்கும் பிரான்ஸோட மோம்பெலியாரும் சேர்ந்தாங்க, அதுதான் பிரெஞ்சு ஜெர்மன் ஊர்களுக்கு நடுவுல முதல் ஜோடி. அப்போ மோம்பெலியார் மேயர் லுசியன் தராதேன், நாஜிங்களோட புஹன்வால்ட் வதைமுகாம்ல இருந்து உயிரோட திரும்பினவர். அப்படிப்பட்ட ஆளு ஜெர்மன் ஊரோட கை குலுக்கினாருன்னா யோசிச்சுப் பாருங்க. ரெண்டு நாட்டு அரசாங்கமும் நட்பு ஒப்பந்தம் போட்டது 1963லதான், ஊர்க்காரங்க 13 வருஷம் முன்னாடியே போயிட்டாங்க. இன்னைக்கு அந்த ரெண்டு நாட்டுக்கு நடுவுல மட்டும் 2,200க்கு மேல ஜோடி ஊர்கள் இருக்கு.

கடல் தாண்டியும் இதே கதைதான். நாகசாகியும் அமெரிக்காவோட செயின்ட் பாலும் 1955 டிசம்பர் 7ல சேர்ந்தாங்க, போர்க்காலத்துல ஜப்பான் அமெரிக்காவோட பேர்ல் ஹார்பரைத் தாக்கின அதே தேதியில. அடுத்த வருஷம் செப்டம்பர்ல அதிபர் ஐசனோவர் வெள்ளை மாளிகையில ஒரு மாநாடு கூட்டினாரு, ஜனங்க ஜனங்களோட பழகணும்னு, அமெரிக்காவோட சிஸ்டர் சிட்டி இயக்கம் பெருசானது அதுக்கு அப்புறம்தான்.

மேயர்ங்க ரெண்டு பேரும் கையெழுத்து போட்டாச்சே, தனியா சங்கம் எதுக்கு?

ஏன்னா மேயர் மாறுவார். கையெழுத்து போட்ட பேப்பர் ஃப்ரேம் போட்டு சுவத்துல தொங்கும், ஐரோப்பாவுல அதுக்குன்னே ஒரு உறுதிமொழி இருக்கு, ரெண்டு மேயரும் சேர்ந்து நின்னு சத்தமா படிப்பாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா பத்து வருஷம் கழிச்சு அந்த ஆபீஸ்ல உக்காந்திருக்கறவருக்கு எதிர்ப்பக்கத்து ஊர் பேரைக்கூட சரியா உச்சரிக்க வராது. ஊர் எல்லையில போர்டு மட்டும் நிக்கும்.

இத்தனை வருஷத்துல நான் கத்துக்கிட்டது இதுதான்: நட்பு ஊருக்கும் ஊருக்கும் நடுவுல கிடையாது, ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் நடுவுலதான் இருக்கு. எத்தனை வீட்டு ஜோடி இருக்கோ அவ்வளவுதான் உங்க ட்வின்னிங்கோட உண்மையான அளவு. சங்கத்தோட வேலையே அந்த ஜோடிங்களை சேக்கறது, எழுதி வெச்சுக்கறது, ஒருத்தர் போனா அந்த இடத்துக்கு அடுத்தவரைக் கொண்டு வர்றது. கீழ நான் சொல்றது எல்லாம் இதை வெச்சுத்தான்.

வர்றவங்களை வீட்டுலதான் தங்க வெக்கணுமா? ஹோட்டல்ல போட்டா என்ன?

போடலாம், ஆனா ரெண்டே தடவையில டூர் குரூப் மாதிரி ஆயிடும். வர்றாங்க, மேயர் ஆபீஸ்ல வரவேற்பு, பஸ்ல சுத்திக் காட்டறோம், டாட்டா. ராத்திரி சமையலறையில உக்காந்து தெரிஞ்ச நாலு வார்த்தையை வெச்சுக்கிட்டு பேசற அந்த ஒரு மணி நேரம் ஹோட்டல்ல கிடைக்காது, நட்பு உண்டாகறது அங்கதான். இப்போ வயசானவங்க நிறைய, தனி பாத்ரூம் வேணும், மாடி ஏற முடியாதுன்னு கேப்பாங்க, அது நியாயம்தான், அவங்களுக்கு ரூம் போட்டுக் குடுங்க, ஆனா அப்பவும் ஒரு வீட்டோட சேத்து விடுங்க, காலையில இருந்து ராத்திரி வரைக்கும் அந்த வீடு அவங்களோடது, தூங்க மட்டும் ஹோட்டல்.

யாரை எந்த வீட்டுல போடறதுங்கறதுதான் எங்க சங்கத்துலயே ரொம்ப கவனமா பண்ற வேலை. பஸ் வர்றதுக்கு ஆறு வாரம் முன்னாடி ஒரு சாயங்காலம் மூணு பேர் உக்காருவோம், மேஜை மேல ரெண்டு கலர் அட்டை, மஞ்சள் அட்டை வர்றவங்களுக்கு, வெள்ளை அட்டை வீட்டுக்காரங்களுக்கு. மஞ்சள்ல "பூனை அலர்ஜி", "முழங்கால் வலி, படி ஏற மாட்டார்", "17 வயசு, டிரம்ஸ் வாசிப்பான்", "போன தடவை தங்கின வீட்டுலயே"ன்னு எழுதியிருக்கும். வெள்ளையில "ரெண்டு நாய்", "சின்ன குழந்தை இருக்கு", "கட்டில் ஒண்ணு, கூட ஒரு மெத்தை", "சிகரெட் வேண்டாம்". தள்ளித் தள்ளி வெச்சுப் பாப்போம், பேசுவோம், மறுபடி மாத்துவோம், ராத்திரி பதினோரு மணி ஆயிடும். ஒரு தடவை அவசரத்துல பேச்சே பிடிக்காத ஒரு பெரியவரை எப்பவும் கூட்டமா இருக்கற வீட்டுல போட்டுட்டோம், பாவம் அவரு தினமும் காலையில ஆறு மணிக்கு எழுந்து வெளிய நடக்கப் போயிட்டாரு, அதுக்கப்புறம் அட்டையில "அமைதி வேணுமா, கலகலப்பு வேணுமா"ன்னு ஒரு கட்டம் சேத்துட்டோம்.

எத்தனை நாள் தங்கணும்னா, விருந்தும் மருந்தும் மூணு நாள்னு நம்ம பெரியவங்க சொன்னது இதுக்கும் பொருந்தும். மூணு ராத்திரி, மிஞ்சிப் போனா நாலு. அதுல அரை நாள் எந்த நிகழ்ச்சியும் வெக்காம வீட்டுக்காரங்ககிட்ட விட்டுடுங்க. கமிட்டிங்க செய்ற பெரிய தப்பு, நிமிஷத்துக்கு நிமிஷம் நிகழ்ச்சி போட்டு எல்லாரையும் களைப்பாக்கறது.

எனக்கு அவங்க பாஷை ஒரு வார்த்தைகூட தெரியாதே?

பரவால்ல. இதை சும்மா தைரியம் சொல்றதுக்காக சொல்லல, எங்ககிட்ட இருக்கற ரொம்ப உறுதியான ஜோடிங்கள்ல ஒண்ணு, ரெண்டு பக்கமும் பாஷை தெரியாத ரெண்டு தோட்டக்காரங்க. செடியைக் காட்டறது, கையால அளவு காட்டறது, சிரிக்கறது, அவ்வளவுதான் முப்பது வருஷமா. இப்போ ஃபோன்ல மொழிபெயர்ப்பு ஆப் இருக்கு, தாராளமா யூஸ் பண்ணுங்க, ஆனா மருந்து, அலர்ஜி, கிளம்பற நேரம் இந்த மூணையும் மட்டும் ஆப்பை நம்பாம பாஷை தெரிஞ்ச ஆளை வெச்சு உறுதி பண்ணிக்கோங்க. வருஷத்துல ஒரு ஆறு வாரம் சின்னதா ஒரு பாஷை கிளாஸ் நடத்துங்க, பாஷை வருதோ இல்லையோ, வர்றவங்க ஒண்ணாயிடுவாங்க.

இளைஞர்கள் யாரும் வர்றதில்லை, கமிட்டியில எல்லாரும் எழுபது தாண்டியாச்சு. என்ன பண்றது?

இதுதான் எல்லாரும் கேக்கற கேள்வி, எனக்கும் ராத்திரி தூக்கம் கெடுக்கற கேள்வி. போருக்கு அப்புறம் ஆரம்பிச்சவங்களுக்கு காரணம் கண் முன்னாடி இருந்துச்சு. அவங்க பிள்ளைங்களுக்கு அது வெளிநாடு போக கிடைச்ச ஒரே வழியா இருந்துச்சு. இப்போ இருக்கற பசங்களுக்கு ரெண்டுமே இல்ல, மலிவு டிக்கெட் எடுத்து எங்க வேணாலும் போறாங்க, அப்புறம் நம்ம ஆண்டு விருந்துல வந்து உரை கேக்கணும்னா ஏன் வருவாங்க?

"இளைஞர் அணி"ன்னு பேர் வெச்சு தனியா ஒண்ணு ஆரம்பிக்கறது எங்க அனுபவத்துல வேலைக்கு ஆகல, ரெண்டு வருஷத்துல அவங்க படிக்க வெளியூர் போயிடுவாங்க, அணி காலி. வேலைக்கு ஆனது வேற ஒண்ணு. ஏற்கனவே ஊர்ல இருக்கற குழுக்களை எதிர்ப்பக்கத்து அதே மாதிரி குழுவோட சேத்து விடறது. அவங்க ஃபுட்பால் டீம் நம்ம டீமோட, பாட்டுக் குழு பாட்டுக் குழுவோட, தீயணைப்பு வாலண்டியர்ங்க அவங்க தீயணைப்பு வாலண்டியர்ங்களோட, தேனீ வளக்கறவங்க, செஸ் ஆடறவங்க, சைக்கிள் ஓட்டறவங்க. இவங்களுக்கு பேச விஷயம் தானா இருக்கும், ட்வின்னிங்னா என்னன்னு விளக்க வேண்டியதே இல்ல. சங்கம் பஸ்ஸையும் வீட்டையும் பாத்துக்கிட்டா போதும், மீதியை அவங்களே பாத்துப்பாங்க.

ரெண்டாவது விஷயம், வேலை குடுங்க, நிஜமான வேலை. கூட்டத்துல உக்காந்து கைதட்டற வேலை இல்ல. பொருளாளர் பொறுப்பை 24 வயசு பொண்ணுகிட்ட குடுத்தோம், பழையவங்களுக்கு முதல்ல பயம்தான், ஒரு வருஷம் பழைய பொருளாளர் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தாரு, அப்புறம் அவரு எழுந்துட்டாரு. அந்த "எழுந்துட்டாரு"தான் முக்கியம். பொறுப்பைக் குடுத்துட்டு தோளுக்கு மேல எட்டிப் பாத்துக்கிட்டே இருந்தா யாரும் தங்க மாட்டாங்க, பழையவங்க இதை மனசு வலிச்சாலும் கத்துக்கணும்.

பள்ளிக்கூடத்து மாணவர் பரிமாற்றம் நின்னு போச்சுன்னு நிறைய ஊர்ல வருத்தப்படறாங்க. அதைத் தொடங்க தலைமை ஆசிரியர்கிட்ட போறதை விட அந்தப் பாஷை டீச்சரைப் பாருங்க. ஒரே ஒரு டீச்சர் ஆர்வமா இருந்தா போதும். ஆனா அந்த ஒருத்தர் மாறிப் போனா மொத்தமும் போயிடும், அதனால ரெண்டாவதா ஒருத்தரையும் ஒவ்வொரு பயணத்துலயும் கூட்டிட்டு போங்க.

எந்தப் பழக்கத்தை விடாம வெச்சுக்கணும், எதை விட்டுடலாம்?

நான் ஒரே ஒரு கேள்வி கேப்பேன்: இது எதுக்குன்னு இப்போ வர்ற ஒரு பத்து வயசுப் புள்ளைக்கு ரெண்டு வாக்கியத்துல சொல்ல முடியுமா? முடிஞ்சா வெச்சுக்கோங்க.

நல்ல உதாரணம் ட்வின்னிங்குக்கு வெளிய இருந்து சொல்றேன். 1917 டிசம்பர் 6ல கனடாவோட ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துல வெடிமருந்து ஏத்தின கப்பல் வெடிச்சு ஊர்ல பெரிய பகுதியே தரைமட்டமாச்சு. அமெரிக்காவுல இருக்கற பாஸ்டன்காரங்க அன்னைக்கு ராத்திரியே டாக்டரும் மருந்தும் ஏத்தி ரயில் அனுப்பினாங்க. அதுக்கு நன்றியா அடுத்த வருஷம் ஒரு கிறிஸ்துமஸ் மரம் போச்சு, அப்புறம் ரொம்ப காலம் விட்டுப் போச்சு, 1971ல மறுபடி ஆரம்பிச்சு இன்னைக்கு வரைக்கும் ஹாலிஃபாக்ஸ் இருக்கற நோவா ஸ்கோஷியா மாகாணம் வருஷா வருஷம் பாஸ்டனுக்கு மரம் அனுப்புது. ரெண்டு வாக்கியத்துல சொல்லிடலாம் பாத்தீங்களா, நீங்க கஷ்டத்துல வந்தீங்க, நாங்க மறக்கல. இன்னொண்ணும் கவனிங்க, நடுவுல அரை நூற்றாண்டு விட்டுப் போயும் திரும்ப ஆரம்பிக்க முடிஞ்சுது, அதனால உங்க ஊர்ல பத்து வருஷமா நின்னு போனதைப் பாத்து "இனி அவ்வளவுதான்"னு விட்டுடாதீங்க.

விட்டுடலாம்னா, மணிக்கணக்கா நடக்கற மேடைப் பேச்சு, மொழிபெயர்ப்போட சேத்து ரெண்டு மடங்கு. ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம்னு ரெண்டு சங்கமும் பேசி முடிவு பண்ணிக்கோங்க, யாரும் அழ மாட்டாங்க. ஆனா முதல் தலைமுறையில இறந்து போனவங்க பேரைப் படிச்சு ஒரு நிமிஷம் எழுந்து நிக்கற வழக்கம் இருந்தா அதை யார் சொன்னாலும் விடாதீங்க. வரவேற்பு புத்தகத்துல கையெழுத்து வாங்கறதையும் விடாதீங்க, டேப்லெட்ல வேண்டாம், பேனாவுல.

பரிசு என்ன குடுக்கறது?

சங்கத்துக்கு சங்கம் ஷீல்டு, தட்டு, கொடி குடுத்துக் குடுத்து ரெண்டு பக்கமும் அலமாரி ரொம்பியாச்சு. மரம் நடுங்க, பெஞ்ச் போடுங்க, நூலகத்துக்கு அவங்க பாஷை புத்தகம் வாங்கிக் குடுங்க. வீட்டுக்கு வீடு குடுக்கறது அவங்க விருப்பம், அதுல சங்கம் தலையிட வேண்டாம், பெரிய விலையில வேண்டாம்னு மட்டும் முன்னாடியே சொல்லி வைங்க, இல்லன்னா அடுத்த தடவை திருப்பிக் குடுக்க முடியாதவங்க வர்றதையே நிறுத்திடுவாங்க.

மெயில் போட்டா எதிர்ப்பக்கத்துல இருந்து பதிலே இல்ல. அவங்களுக்கு ஆர்வம் போயிடுச்சா?

அந்த முடிவுக்கு உடனே போகாதீங்க. எங்களுக்கு நடந்ததைச் சொல்றேன். ஒரு வருஷத்துக்கு மேல பதில் இல்ல, எங்க கமிட்டியில சில பேருக்கு கோவம், "நாம மட்டும் ஏன் தொங்கணும், ஒரு கை தட்டினா ஓசை வருமா"ன்னு கேட்டாங்க, நியாயமாத்தான் தோணுச்சு. கடைசியில பழைய விருந்தாளி ஒருத்தருக்கு தபால்ல ஒரு கார்டு போட்டோம், பத்து நாள்ல பதில் வந்துச்சு. அந்தப் பக்கத்துச் செயலாளர் இறந்து போயிருந்தாரு. மெயில் பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும். அவங்க எங்ககிட்ட இருந்து ஒரு இரங்கல் வார்த்தைகூட வரலையேன்னு அத்தனை நாளும் வருத்தத்துல இருந்திருக்காங்க, நாங்க அந்த மனுஷனோட மெயிலுக்கே கோவமா ஞாபகக் கடிதம் எழுதிட்டு இருந்திருக்கோம். இதை இப்போ நெனச்சாலும் எனக்கு மனசு கனக்கும்.

அதனால, சங்கத்துக்குன்னு பொதுவா ஒரு மெயில் ஐடி, பாஸ்வேர்டு ரெண்டு பேருக்காவது தெரியணும். எதிர்ப்பக்கத்துல மூணு பேரோட ஃபோன் நம்பர், மூணும் வேற வேற வீடு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை காரணம் எதுவும் இல்லாம ஒரு சின்ன மெசேஜ், "இங்க நல்ல மழை, உங்க பாட்டுக் குழு கச்சேரி எப்படிப் போச்சு"ன்னு, அவ்வளவு போதும். அடுத்த வருகை பத்தி மட்டுமே பேசற உறவு ஆபீஸ் வேலை மாதிரி ஆயிடும்.

ரெண்டு நாட்டு அரசாங்கத்துக்கும் சண்டைன்னா நாம என்ன பண்ணணும்?

இதுக்கு எளிசா பதில் கிடையாது, நடந்ததைச் சொல்றேன். சான் ஃபிரான்சிஸ்கோவும் ஒசாகாவும் 1957ல இருந்து சகோதர நகரம். போர்க்காலத்துல ஜப்பான் ராணுவத்தோட பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்களுக்கு சான் ஃபிரான்சிஸ்கோவுல வெச்ச சிலையால 2018ல ஒசாகா உறவை முறிச்சுது. பிராக் 2019ல பெய்ஜிங்கோட முறிச்சுக்கிச்சு, ஒப்பந்தத்துல இருந்த ஒரே சீனாங்கற வரியை, அதாவது தைவானும் சீனாவோட பகுதிதான்ங்கறதை, எடுக்கணும்னு பிராக் கேட்டதுல வந்த தகராறு, அடுத்த ஜனவரியிலயே தைவானோட தலைநகர் தைபேயோட கையெழுத்து போட்டாங்க. நான் மேல சொன்ன கோவென்ட்ரி, வோல்கோகிராட் ஜோடியே ரஷ்யா உக்ரைன் மேல படையெடுத்ததுக்கு அப்புறம் 2022ல நிறுத்தி வெக்கப்பட்டுச்சு. பனிப்போர் முழுக்க தாங்கின உறவு அது.

என் அபிப்பிராயம், ஊராட்சி என்ன முடிவு எடுத்தாலும் சங்கம் அதுக்கு எதிரா கொடி பிடிக்க வேண்டாம், ஆனா வீட்டுக்கு வீடு எழுதற கடிதத்தை எந்தத் தீர்மானமும் நிறுத்த முடியாது, நிறுத்தக் கூடாது. அதே சமயம் எதிர்ப்பக்கத்துல இருக்கறவங்களுக்கு நம்ம கடிதத்தால ஆபத்து வரும்னா நாம சும்மா இருக்கறதுதான் நட்பு. அவங்க முதல்ல எழுதட்டும். அரசியல் பேசக் கூடாதுன்னு ஒரு விதி போடறவங்களும் உண்டு, எனக்கு அதுல உடன்பாடில்லை. போருக்கு அப்புறம் ஜெர்மன்காரங்களோட கை குலுக்கினதைவிட பெரிய அரசியல் எது?

பணத்துக்கு என்ன வழி?

பயணச் செலவு போறவங்களோடது, தங்க வெக்கற செலவு வீட்டுக்காரங்களோடது, பொது நிகழ்ச்சி செலவு சங்கத்தோடது. இந்த மூணைப் பிரிச்சு வெச்சாலே பாதி தகராறு வராது. ஊராட்சி பணம் குடுத்தா நன்றி, ஆனா அதை நம்பி சங்கத்தை நடத்தாதீங்க, பட்ஜெட் வெட்டறப்போ முதல்ல கை வெக்கறது இதுலதான். ஐரோப்பிய யூனியன் 1989ல இருந்தே ட்வின்னிங்குக்கு நிதி குடுக்குது, இப்போ குடிமக்கள், சமத்துவம், உரிமைகள், விழுமியங்கள்னு 2021ல இருந்து 2027 வரைக்கும் ஒரு திட்டம் ஓடுது. அதுல வெறும் சந்திப்புக்கு காசு வராது, பேசறதுக்கு ஒரு தலைப்பு வேணும், ஜனங்க பங்கெடுக்கணும், அறிக்கை குடுக்கணும். விண்ணப்பம் எழுதறது பெரிய வேலை, பொறுமையான ஆள் ஒருத்தர் இருந்தா மட்டும் இறங்குங்க.

இளைஞர் பயணத்துக்குன்னு ஒரு தனி நிதி வைங்க. காசு இல்லைன்னு ஒரு புள்ள வராம போகக் கூடாது, யாருக்கு உதவினோம்னு பொருளாளரைத் தவிர யாருக்கும் தெரியவும் கூடாது.

பாஸ்போர்ட், விசா விஷயத்துல என்ன கவனிக்கணும்?

விதி மாறிக்கிட்டே இருக்கு, ஒவ்வொரு தடவையும் ஆறு மாசம் முன்னாடி அந்தந்த அரசாங்கத் தளத்துல புதுசா பாருங்க, போன தடவை நோட்டை நம்பாதீங்க. 2021 அக்டோபர் 1ல இருந்து ஐரோப்பிய அடையாள அட்டையை வெச்சு பிரிட்டன் உள்ள போக முடியாதுன்னு ஆனப்போ பாஸ்போர்ட் இல்லாத எத்தனையோ பசங்களோட பயணம் நின்னு போச்சு. பிரெஞ்சு பள்ளிக் குழுக்களுக்கு மட்டும் 2023 டிசம்பர் 28ல இருந்து தளர்வு குடுத்தாங்க. குழுவுல வேற நாட்டுக் குடியுரிமை இருக்கற பசங்க இருந்தா அவங்களுக்கு தனியா பாக்கணும், பஸ் கிளம்பற அன்னைக்கு ஒரு புள்ளையை மட்டும் இறக்கி விடற நிலைமை வரவே கூடாது.

தெரியாத வீட்டுல என் பொண்ணை எப்படி அனுப்பறது?

நீங்க கேக்கறது முழுக்க சரி. "நம்ம ஆளுங்கதானே"ன்னு எந்தச் சங்கமும் சொல்லக் கூடாது. அந்தந்த நாட்டுச் சட்டப்படி வீட்டுல இருக்கற பெரியவங்களுக்கு பின்னணிச் சோதனை, பசங்களை ரெண்டு ரெண்டு பேரா போடறது, எந்த நேரமும் கூப்பிடற மாதிரி ஒரு நம்பர், வேற வீட்டுக்கு மாத்தணும்னு புள்ள சொன்னா ஏன்னு குறுக்கு விசாரணை பண்ணாம அன்னைக்கே மாத்தறது. இதெல்லாம் எழுத்துல இருக்கான்னு கேளுங்க. இல்லன்னா அனுப்பாதீங்க.

வீடியோ கால் போதாதா? எதுக்கு இவ்வளவு அலைச்சல்?

2020, 21 கொரோனா சமயத்துல எல்லாருமே அதைத்தான் பண்ணோம், அது இல்லைன்னா நிறைய உறவு அறுந்திருக்கும். ஏற்கனவே ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சவங்களுக்கு வீடியோ அருமையா வேலை செய்யும், வர முடியாத வயசானவங்களுக்கு வரம். ஆனா புதுசா நட்பு அதுல முளைச்சதை நான் பெருசா பாக்கல. பள்ளிப் பசங்க மட்டும் விதிவிலக்கு, அவங்க ஃபோன்லயே நாலு மாசம் பேசிட்டு நேர்ல பாக்கறப்போ பழைய கூட்டாளிங்க மாதிரி ஓடி வருவாங்க.

புதுசா ஒரு ஊரைத் தேடறோம், எப்படித் தேர்ந்தெடுக்கறது?

ஊரோட அளவு கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கட்டும், போறதுக்கு ஒரு நாளுக்கு மேல ஆகாம இருந்தா நல்லது, ஏற்கனவே ரெண்டு ஊருக்கும் நடுவுல ஏதாவது ஒரு சரடு இருக்கான்னு பாருங்க, ஒரே தொழில், ஒரே ஆறு, அங்க போய் குடியேறினவங்க. பேர்ப் பொருத்தம்கூட போதும். ஸ்காட்லாந்துல டல்னு ஒரு கிராமம், அமெரிக்காவோட ஓரிகன்ல போரிங்னு ஒரு ஊர், 2012ல சேர்ந்தாங்க, அடுத்த வருஷம் ஆஸ்திரேலியாவோட பிளாண்டும் சேர்ந்துச்சு, மூணு ஊர்ப் பேருக்குமே இங்கிலீஷ்ல சுவாரசியம் இல்லாததுன்னுதான் அர்த்தம். அளவு ஒத்துப் போகாததால முறைப்படி ட்வின் ஆக முடியல, ஜோடின்னு சொல்லிக்கிட்டாங்க, ஆனாலும் போரிங்ல வருஷா வருஷம் ஆகஸ்ட் 9 அதுக்குன்னே ஒரு நாளா கொண்டாடறாங்க. பாரிஸும் ரோமும் 1956ல இருந்து ஒருத்தருக்கு ஒருத்தர் மட்டும்தான்னு வெச்சிருக்காங்க, எனக்கு அந்தக் கொள்கை பிடிக்கும். எட்டு ஊரோட ஒப்பந்தம் வெச்சு எதையும் பாத்துக்க முடியாம இருக்கறதை விட ஒண்ணு ரெண்டு போதும்.

சங்கத்தை கலைக்க வேண்டிய நிலைமை வந்துட்டா?

சத்தமில்லாம சாக விடாதீங்க. எதிர்ப்பக்கத்துக்கு முறையா ஒரு கடிதம் எழுதுங்க, முடிஞ்சா ஒரு கடைசி வருகை வைங்க, மீதிப் பணத்தை ஒரு பள்ளிக்கூட பயண நிதிக்கு குடுங்க. ஜோடி வீடுகளோட பட்டியலை அந்தந்த வீட்டுக்காரங்க சம்மதத்தோட நூலகத்துலயோ ஆவணக் காப்பகத்துலயோ ஒப்படைங்க. பத்து வருஷம் கழிச்சு யாராவது மறுபடி ஆரம்பிக்க நெனச்சா அந்தப் பட்டியல்தான் அவங்களுக்கு வழி.

பழைய ஃபோட்டோ, ஆல்பம், கடிதம் எல்லாம் பெட்டி பெட்டியா இருக்கு. என்ன பண்றது?

முதல்ல ஸ்கேன் பண்ண ஓடாதீங்க, முதல்ல பேர். ஸ்கேன் அடுத்த வருஷமும் பண்ணலாம், அந்த முகம் யாருன்னு சொல்றவர் அடுத்த வருஷம் இருப்பாரான்னு தெரியாது. ஃபோட்டோவை எடுத்துட்டு வயசானவங்க வீட்டுக்குப் போங்க, பின்னாடி மெல்லிசா பென்சில்ல எழுதுங்க, பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிடும். பசை வெச்ச ஆல்பத்துல இருந்து பிச்சு எடுக்காதீங்க, பக்கத்தோட அப்படியே படம் எடுத்துக்கோங்க. அவங்க சொல்றதை ஃபோன்ல ரெக்கார்டும் பண்ணிக்கோங்க, பேரோட சேத்து கதையும் வரும்.

எங்க பெட்டியில ஒரு படம் இருந்துச்சு, ஒரு பஸ் பக்கத்துல எட்டு குழந்தைங்க, எல்லாரும் நனைஞ்சு போய் நிக்கறாங்க, பின்னாடி "1978, மழை"ன்னு மட்டும் இருக்கு. போன தடவை அவங்க வந்தப்போ வரவேற்பு மேஜையில அதைப் பெருசா பிரிண்ட் போட்டு வெச்சு பக்கத்துல எட்டு கோடு போட்ட ஒரு தாளும் பேனாவும் வெச்சோம். ரெண்டாவது நாள் சாயங்காலம் ஒரு அம்மா குனிஞ்சு பாத்துட்டு ஒரு பொண்ணோட தலையில இருக்கற ரிப்பன் மேல விரலை வெச்சாங்க, "இது எங்க அக்கா, ரிப்பன் கட்டி விட்டது நான்"னு சொல்லிட்டு உக்காந்து அஞ்சு குழந்தைங்களோட பேரை எழுதினாங்க. எங்க பக்கத்துல இருந்து ஒருத்தர் வந்து ஆறாவது பேர் எழுதினாரு, அது அவரேதான். மீதி ரெண்டு கோடு காலியா இருக்கு, அடுத்த மே மாசம் நாங்க அங்க போறப்போ அந்தத் தாளைக் கையோட எடுத்துட்டுப் போறோம்.